பெற்றோருக்குக் கிரீன் கார்டு: ஐ-864-இல் 6,000 டாலர் குறைகிறது, நண்பரிடம் கையெழுத்துக் கேட்கலாமா?

தஞ்சைவாசி | 12 மே 2025, இரவு 10.40

எல்லோருக்கும் வணக்கம். டல்லாஸ் பக்கம் இருக்கிறேன், அமெரிக்கக் குடியுரிமை வாங்கி மூன்று வருடம் ஆகிறது. அப்பா அம்மா இருவருக்கும் போட்ட ஐ-130 (உறவினரை அழைக்கும்) மனுக்கள் ஒப்புதலாகி இப்போது என்விசியில் (தேசிய விசா மையத்தில்) நிற்கின்றன. கட்டணத்தையும் கட்டிவிட்டேன். அடுத்தது ஐ-864, அதாவது வருகிறவர்களை நான் தாங்குவேன் என்று கையெழுத்துப் போடும் ஆதரவுப் படிவம். அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

போன வருடம் வரை ஒரு மளிகைக் கடை நடத்தினேன். நஷ்டத்தில் மூடினேன். 2024 வரிக் கணக்கில் மொத்த வருமானம் 19,000 டாலர்தான். இந்த ஜனவரியில் ஒரு சரக்குக் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தேன், வருடம் 48,000. நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், அப்பா, அம்மா என்று ஆறு பேர். ஆறு பேருக்கு வருட வருமானம் 53,937 (அரசாங்கத்தின் வறுமைக்கோட்டு அளவில் 125 சதவீதம்) காட்ட வேண்டுமாம். கிட்டத்தட்ட 6,000 குறைகிறது.

அப்பா ஓய்வுபெற்ற அரசுப் பள்ளி ஆசிரியர், பென்ஷன் வருகிறது. தஞ்சாவூரில் சொந்த வீடு, கிராமத்தில் ஒன்றரை ஏக்கர் நிலம், வங்கியில் டெபாசிட். எங்களை ஏழை என்று யாரும் சொல்ல முடியாது! ஆடிட்டரிடம் சிஏ ரிப்போர்ட் (சொத்து மதிப்பு அறிக்கை) வாங்கி வைத்தால் போதுமா? இல்லை, கூட வேலை செய்யும் நண்பரை ஜாயின்ட் ஸ்பான்சராக (என்னோடு சேர்ந்து பொறுப்பேற்பவராக) ஐ-864-இல் கையெழுத்துப் போடச் சொல்லலாமா? கேட்கவே கூச்சமாக இருக்கிறது.

---

சந்தேகராமன் | 12 மே 2025, இரவு 11.05

என் மாமனார் மாமியார் விசிட்டர் விசாவில் வந்தபோது சிஏ ரிப்போர்ட்தான் கொண்டுபோனார்கள். அதிகாரி திறந்துகூடப் பார்க்கவில்லை, விசா கிடைத்தது. உங்களுக்கும் அது போதும் என்று நினைக்கிறேன்.

---

பழையரயில் | 13 மே 2025, காலை 6.20

சந்தேகராமன், அது வேறு, இது வேறு. விசிட்டர் விசாவில் “ஊரில் சொத்து இருக்கிறது, திரும்பிப் போய்விடுவோம்” என்று காட்டுவதற்கு அந்த ரிப்போர்ட். இங்கே திரும்பிப் போகிறவர்கள் யாரும் இல்லை. கேள்வியே தலைகீழ்: “வந்த பிறகு இவர்களை யார் தாங்குவது?”

தஞ்சைவாசி, முதலில் ஒன்று மனதில் பதியட்டும். ஐ-864 சொத்துக் கணக்கு அல்ல, ஒப்பந்தம். 1996-இல் வந்த சட்டத்துக்கு முன்னால் இருந்த ஆதரவுக் கடிதத்தை நீதிமன்றங்கள் பெரிதாக மதிக்கவில்லை. அதனால்தான் வழக்குப் போட்டு வசூலிக்கக்கூடிய ஒப்பந்தமாக மாற்றினார்கள். அரசாங்கமும் வழக்குப் போடலாம், வந்து சேர்ந்தவரும் போடலாம். ஊரில் உங்கள் அப்பா எவ்வளவு கௌரவமானவர் என்பது அந்தத் தாளுக்குத் தெரியாது. அமெரிக்காவில் குடியிருக்கிற, வரி கட்டுகிற ஒருவரின் வருமானம்தான் அதற்குத் தெரியும்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன்.

பென்ஷன் உதவாது. வருகிறவரின் வருமானத்தைச் சேர்க்க இரண்டு நிபந்தனைகள்: இங்கே வந்த பிறகும் அதே இடத்திலிருந்து வந்துகொண்டிருக்க வேண்டும், அவர் இப்போதே உங்களோடு ஒரே வீட்டில் இருக்க வேண்டும். (மனைவி அல்லது கணவர் என்றால் இரண்டாவது நிபந்தனை இல்லை.) அப்பா தஞ்சாவூரில் இருக்கிறார். முடிந்தது.

சொத்து உதவும். ஆனால் ஒரு வருடத்துக்குள் பெரிய சிரமமில்லாமல் பணமாக்க முடிகிற சொத்து வேண்டும். குறைகிற தொகையைப் போல ஐந்து மடங்கும் காட்ட வேண்டும்.

---

யாழ்தேவி | 13 மே 2025, காலை 8.15

ஐந்து மடங்கு என்று கேட்டுப் பயந்துவிடாதீர்கள் அண்ணா. நான் யாழ்ப்பாணம், இப்போது மினசோட்டாவில் இருக்கிறேன். கணவருக்காகப் போட்டேன், அவருக்குக் கொழும்பில் நேர்காணல். அமெரிக்கக் குடியுரிமை உள்ளவர் தன் கணவனுக்கோ மனைவிக்கோ போட்டால் மூன்று மடங்கு போதும். என் சம்பளம் 21,000, இரண்டு பேருக்கு 26,437 வேண்டும். 5,437 குறைந்தது, மூன்று மடங்கு 16,311. என் சேமிப்புக் கணக்கில் 17,000 கிடந்தது, அதையே காட்டினேன். கணக்கு எப்போது திறந்தது, கடந்த ஒரு வருடத்தில் எவ்வளவு போட்டது, இப்போது எவ்வளவு இருக்கிறது என்று வங்கியிடம் கடிதம் வாங்கி வைத்தேன். ஒரு கேள்வியும் வரவில்லை.

கணவரின் பெயரில் ஊரில் காணி இருக்கிறது. அதைத் தொடவே இல்லை. காணி உறுதியை (பத்திரத்தை) மொழிபெயர்த்து, மதிப்பீட்டாளரைப் பிடித்து, அடமானம் இல்லை என்று நிரூபித்து... போதும் என்று விட்டுவிட்டேன்.

---

தஞ்சைவாசி | 13 மே 2025, மதியம் 12.30

பழையரயில் சார், யாழ்தேவி, இருவருக்கும் நன்றி. அப்படியென்றால் 5,937 × 5 = 29,685 டாலர். டாலர் 85 ரூபாய் என்று வைத்தால் சுமார் 25 லட்சம். நிலத்தை விற்றால் இதைவிட அதிகம் வருமே?

---

பழையரயில் | 13 மே 2025, மாலை 5.50

பட்டா யார் பெயரில் இருக்கிறது?

---

தஞ்சைவாசி | 13 மே 2025, மாலை 6.10

தாத்தா பெயரில். கூட்டுப் பட்டாவாக மாற்ற எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். பெரியப்பா கையெழுத்துப் போட வேண்டும்.

---

பழையரயில் | 13 மே 2025, மாலை 6.25

நிலத்தை மறந்துவிடுங்கள்.

---

கிச்சன்கணக்கு | 13 மே 2025, இரவு 9.00

சிரித்துவிட்டேன். சரி, நான் நியூஜெர்சியில் வரிக் கணக்குப் போட்டுத் தருகிறவள். ஒரே ஒரு கேள்வி: உங்கள் மனைவி வேலை செய்கிறாரா? ஒரே வீட்டில் இருக்கும் மனைவியின் வருமானத்தை ஐ-864ஏ போட்டு உங்களதோடு சேர்த்துக்கொள்ளலாம். வருடம் 6,000 சம்பாதித்தால் இந்த இழையையே மூடிவிடலாம்.

---

தஞ்சைவாசி | 13 மே 2025, இரவு 9.45

செய்கிறார்... ஆனால் வீட்டிலிருந்தே சாப்பாட்டு டப்பா கொடுக்கிறார். பக்கத்து அபார்ட்மென்ட் பேச்சிலர் பையன்களுக்கு. மாதம் 1,200 வரை மிஞ்சும். எல்லாம் ரொக்கம். வரியில் காட்டவில்லை. இதை எழுதவே சங்கடமாக இருக்கிறது.

---

கிச்சன்கணக்கு | 13 மே 2025, இரவு 10.20

சங்கடப்படாதீர்கள், இந்த வேலையில் பாதி நாள் இதைத்தான் கேட்கிறேன். ஆனால் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன்.

வரியில் காட்டாத வருமானம் ஐ-864-க்கு வருமானமே அல்ல. அதைவிட மோசம், அதை அந்தப் படிவத்தில் எழுதினால் “நான் கணக்குக் காட்டவில்லை” என்று அரசாங்கத்திடம் நீங்களே கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததாகிவிடும். சுயதொழிலில் செலவு போக 400 டாலர் மிஞ்சினாலே ரிட்டர்ன் போட வேண்டும். விசாவுக்காக இல்லாவிட்டாலும் இதைச் சரிசெய்யுங்கள். 1040-எக்ஸ் போட்டு 2024-ஐத் திருத்தலாம். சுயதொழில் வரி 15.3 சதவீதம், அதற்குமேல் வருமான வரி, கொஞ்சம் வட்டி. வலிக்கும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கடைக்காரர்கள் எல்லோரும் விழும் குழி இது. சொந்தத் தொழில் செய்பவர்கள் வரியைக் குறைக்க வேன் செலவு, போன் செலவு, வீட்டு வாடகையில் ஒரு பங்கு என்று எல்லாவற்றையும் ஷெட்யூல் சி-யில் (வரி ரிட்டர்னில் சொந்தத் தொழிலின் லாப நஷ்டக் கணக்கில்) கழிக்கிறார்கள். வருடம் 2 லட்சம் டாலருக்கு வியாபாரம் நடக்கும், கடைசியில் லாபம் என்று 22,000 நிற்கும். ஐந்து வருடம் கழித்து அம்மாவை அழைக்கும்போது அந்த 22,000-தான் பேசும். வியாபாரத் தொகையை யாரும் பார்க்க மாட்டார்கள். வரிக்காக ஏழையாக இருந்துவிட்டு விசாவுக்காகப் பணக்காரராக முடியாது. இதை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று கணக்கே இல்லை.

---

சந்தேகராமன் | 13 மே 2025, இரவு 10.50

மனைவியின் நகை? எங்கள் வீட்டில் 80 சவரன் லாக்கரில் தூங்குகிறது.

---

கிச்சன்கணக்கு | 13 மே 2025, இரவு 11.00

மதிப்பீட்டுச் சான்று வாங்கிச் சொத்தாகக் காட்டலாம்தான். ஆனால் “தேவைப்பட்டால் விற்றுவிடுவோம்” என்று நீங்கள் எழுத, அதன் கீழே உங்கள் மனைவி கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் காட்சியை ஒருமுறை நினைத்துப் பாருங்கள்.

---

ரெண்டாம்கையெழுத்து | 14 மே 2025, காலை 7.30

ஜாயின்ட் ஸ்பான்சர் பற்றி யாரும் விரிவாகச் சொல்லவில்லையே. நான் சொல்கிறேன், நான் அந்தப் பக்கத்தில் நின்றவன்.

பல வருடங்களுக்கு முன் ஒரு நண்பருக்காகக் கையெழுத்துப் போட்டேன். அவருடைய அக்கா குடும்பம், நான்கு பேர். “சும்மா ஒரு ஃபார்மாலிட்டிடா” என்றார். மூன்று வருட வரி டிரான்ஸ்கிரிப்ட் (வரித்துறை தரும் சுருக்கப் பிரதி), சம்பளச் சீட்டு எல்லாம் எடுத்துக் கொடுத்தேன். அவர்கள் நல்லபடியாக வந்தார்கள், வேலைக்குப் போனார்கள், என்னிடம் ஒரு டாலர்கூடக் கேட்டதில்லை. குறையே சொல்ல முடியாது.

இந்த வருடம் என் அம்மாவுக்குப் போட்டேன். என் வீட்டில் நாங்கள் நான்கு பேர், அம்மாவோடு ஐந்து, 47,062 போதும் என்று இருந்தேன். பிறகுதான் புரிந்தது: நான் முன்பு கையெழுத்துப் போட்ட நான்கு பேரும் என் வீட்டுக் கணக்கில் இன்னும் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் குடியுரிமை வாங்கவில்லை, 40 காலாண்டு வேலையும் முடியவில்லை. ஆக ஒன்பது பேர், 74,562. என் சம்பளம் 71,000. என் சொந்த அம்மாவுக்கு என்னால் முடியவில்லை!

நண்பரிடம் போய் “நீ இப்போது எனக்குப் போடு” என்றேன். “பார்க்கலாம்டா, வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்” என்றார். நான்கு மாதம் ஆகிறது. இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார் போல.

கடைசியில் என் 401கே ஓய்வுகாலச் சேமிப்பைச் சொத்தாகக் காட்டி ஒப்பேற்றினேன். தஞ்சைவாசி, நண்பரிடம் கேட்பது தப்பில்லை. ஆனால் கேட்கும்போது முழுவதையும் சொல்லிக் கேளுங்கள்.

---

தஞ்சைவாசி | 14 மே 2025, மதியம் 1.10

இதைப் படித்ததும் வயிற்றைப் பிசைகிறது. நான் கேட்க நினைத்த நண்பருக்கும் மாமனார் மாமியாரை அழைக்கும் எண்ணம் இருக்கிறது. இந்தக் கையெழுத்து எப்போதுதான் முடியும்?

---

பழையரயில் | 14 மே 2025, மாலை 5.40

வந்தவர் குடியுரிமை வாங்க வேண்டும், அல்லது 40 காலாண்டு வேலை அவர் கணக்கில் சேர வேண்டும் (சுமார் பத்து வருடம்), அல்லது கிரீன் கார்டை விட்டுவிட்டு நிரந்தரமாக ஊர் திரும்ப வேண்டும், அல்லது இறக்க வேண்டும். கையெழுத்துப் போட்டவர் இறந்தாலும் முடியும். விவாகரத்து அந்தப் பட்டியலில் இல்லை. திருமணத்துக்கு முன்பே “எதுவும் கேட்க மாட்டேன்” என்று எழுதி வாங்கியிருந்தாலும் செல்லாது என்று 2016-இல் ஒன்பதாம் சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. “அவள் வேலை தேடவே இல்லை” என்று சொல்லித் தப்பவும் முடியாது என்று அதற்கு முன்பே, 2012-இல், ஏழாம் சர்க்யூட் சொன்னது.

உங்கள் பெற்றோருக்கு என்ன வயது?

---

தஞ்சைவாசி | 14 மே 2025, மாலை 6.00

அப்பாவுக்கு 69, அம்மாவுக்கு 63.

---

பழையரயில் | 14 மே 2025, மாலை 6.30

இனி வேலைக்குப் போய் 40 காலாண்டு சேர்ப்பது நடக்கிற காரியமில்லை. மிச்சமிருப்பது குடியுரிமை. ஐந்து வருடம் கழித்து அப்பா ஆங்கிலத்தில் தேர்வு எழுதிவிடுவார், ஆசிரியர் அல்லவா. அம்மாவுக்கு ஆங்கிலம் சிரமம் என்றால், 55 வயது தாண்டிக் கிரீன் கார்டில் 15 வருடம் இருந்தால்தான் தமிழில் எழுதலாம். உங்கள் நண்பர் அத்தனை வருடம் அம்மாவைத் தன் கணக்கில் சுமக்க வேண்டி வரலாம். இதையும் சேர்த்துக் கேளுங்கள்.

ஆனால் அதற்கு முன்னால் இன்னொரு சங்கதி. ஆறு பேர் என்கிறீர்களே, எப்படி ஆறு?

---

தஞ்சைவாசி | 14 மே 2025, மாலை 6.45

நாங்கள் நான்கு, அப்பா, அம்மா. ஆறுதானே சார்?

---

பழையரயில் | 14 மே 2025, இரவு 7.30

பெற்றோர் இருவருக்கும் தனித்தனி ஐ-130, தனித்தனி ஐ-864. படிவம் கேட்பது: நீங்கள், மனைவி, பிள்ளைகள், இந்தப் படிவத்தில் வருகிறவர், ஏற்கெனவே நீங்கள் ஐ-864 போட்டு இப்போது கிரீன் கார்டில் இருப்பவர். அப்பாவின் படிவத்தில் அம்மா இன்னும் கிரீன் கார்டுக்காரர் அல்ல. அம்மாவின் படிவத்தில் அப்பாவும் அல்ல. ஆக ஒவ்வொரு படிவத்திலும் ஐந்து. 47,062. உங்கள் சம்பளம் 48,000.

938 டாலர் கூடுதலாகவே இருக்கிறது.

---

தஞ்சைவாசி | 14 மே 2025, இரவு 7.35

சார்!!

---

கிச்சன்கணக்கு | 14 மே 2025, இரவு 9.10

கொஞ்சம் பொறுங்கள், நான் குறுக்கே விழுகிறேன். படிவத்தின்படி பழையரயில் சொல்வது சரி. ஆனால் ஒரே நாளில் இருவரும் ஒரே அதிகாரி முன்னால் நிற்கப் போகிறார்கள். எதிரே இரண்டு பேர், வருமானம் 48,000, போன வருடம் 19,000. மனக்கணக்கில் ஆறு என்று போட அவருக்கு எவ்வளவு நேரம் ஆகும்? 125 சதவீதம் என்பது குறைந்தபட்சம்தான். வயது, உடல்நலம், குடும்ப நிலை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கவும் அவருக்கு அதிகாரம் உண்டு. 938 டாலரை நம்பி 69 வயதுக்காரரை மும்பை நேர்காணலுக்கு அனுப்ப நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

---

பழையரயில் | 14 மே 2025, இரவு 9.40

நான் மட்டும் ஒப்புக்கொள்வேனா? படிவத்தில் ஐந்து என்றே எழுத வேண்டும், தவறாக ஆறு என்று எழுதி நாமே பள்ளம் தோண்ட வேண்டாம் என்கிறேன். எழுதுவது ஐந்துக்கு, கையில் வைத்திருப்பது ஆறுக்கு. அப்பாவின் டெபாசிட் எவ்வளவு?

---

தஞ்சைவாசி | 14 மே 2025, இரவு 10.00

ஓய்வு பெற்றபோது வந்த பணம். 31 லட்சம், இரண்டு டெபாசிட்டாக. அப்பா பெயரில் மட்டும்.

---

பழையரயில் | 14 மே 2025, இரவு 10.25

பிரமாதம். வருகிறவரின் சொத்தை ஐ-864-இலேயே நேரடியாகச் சேர்க்கலாம், தனிப் படிவம் வேண்டாம். ஆனால் அம்மாவின் படிவத்தில் வருகிறவர் அம்மா மட்டும்தான். ஆகவே டெபாசிட்டை இருவர் பெயரிலும் மாற்றச் சொல்லுங்கள், இருவரில் எவரும் எடுக்கலாம் என்கிற முறையில். வங்கியில் எந்தத் தேதியில் போட்டது, இன்றைய மதிப்பு என்ன, முன்கூட்டியே முறிக்கலாமா என்று மூன்றையும் லெட்டர்ஹெட்டில் ஆங்கிலத்தில் எழுதி வாங்குங்கள். இந்தியாவில் வசிப்பவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்ப ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது, ஆகவே “இந்தப் பணத்தை எப்படிக் கொண்டு வருவீர்கள்” என்ற கேள்விக்கும் பதில் இருக்கிறது.

சம்பளப் பக்கத்தில், போன வருடம் குறைவாக இருப்பது பாதகமில்லை. இப்போதைய வருட வருமானம்தான் முக்கியம். எப்போது சேர்ந்தீர்கள், என்ன வேலை, வருடச் சம்பளம் எவ்வளவு என்று கம்பெனிக் கடிதம், ஜனவரி முதல் எல்லாச் சம்பளச் சீட்டும். கடை மூடியதைப் பற்றி அரைப் பக்கம் நீங்களே எழுதி வையுங்கள். சோகக் கதை வேண்டாம்: இந்த மாதம் மூடினேன், இந்த மாதம் சேர்ந்தேன், அவ்வளவுதான். ஐஆர்எஸ் (வரித்துறை) டிரான்ஸ்கிரிப்ட் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும், அதை வைத்தால் ரிட்டர்ன் நகல் கட்டுக்கட்டாக வேண்டாம். கையெழுத்துக்கு நோட்டரி தேவையில்லை. யாராவது நோட்டரிக்குப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

---

கிச்சன்கணக்கு | 14 மே 2025, இரவு 10.40

டப்பாக் கணக்கையும் சரிசெய்யுங்கள். விசாவுக்காக அல்ல, எனக்காக.

---

தஞ்சைவாசி | 2 ஜூன் 2025, இரவு 9.15

செய்தி: டெபாசிட் இருவர் பெயருக்கும் மாறியது. வங்கி மேலாளர் “எதற்கு சார் ஆங்கிலத்தில்?” என்று அப்பாவை மூன்று முறை நடக்கவிட்டாராம். ஆனால் நல்ல கடிதம் கொடுத்தார். எல்லாவற்றையும் ஏற்றிவிட்டேன்.

நண்பரிடம் கேட்கவில்லை. ஆனால் இந்த இழையைப் படிக்கக் கொடுத்தேன். “நல்லவேளை கேட்கவில்லை, கேட்டிருந்தால் போட்டிருப்பேன்” என்றார்.

---

தஞ்சைவாசி | 24 ஜூலை 2025, காலை 7.50

என்விசியிலிருந்து ஒரு பயமுறுத்தும் செய்தி. வருமானம் போதாமல் போகலாம், ஜாயின்ட் ஸ்பான்சர் தேவைப்படலாம் என்கிறார்கள். ஆனால் ஆவணங்கள் முழுமை என்றும் சொல்கிறார்கள். எதை நம்புவது?

---

பழையரயில் | 24 ஜூலை 2025, மாலை 5.30

இரண்டாவதை. போதுமா போதாதா என்று முடிவு செய்வது என்விசி அல்ல, தூதரக அதிகாரி. என்விசி தாள் இருக்கிறதா என்று பார்க்கிற இடம். வங்கிக் கடிதத்தின் அசலை அப்பா கையில் கொடுத்து அனுப்புங்கள்.

---

தஞ்சைவாசி | 19 நவம்பர் 2025, இரவு 11.20

போன வாரம் மும்பையில் நேர்காணல். மருத்துவப் பரிசோதனையை முன்பே சென்னையில் முடித்திருந்தார்கள். அப்பாவிடம் முதல் கேள்வி: “மகன் என்ன வேலை பார்க்கிறார்?” “கிடங்கில் சூப்பர்வைசர்” என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறார். நான் சூப்பர்வைசரே இல்லை! அடுத்து, “அமெரிக்காவில் மருத்துவச் செலவுக்கு என்ன செய்வீர்கள்?” மெடிகேரில் (முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீட்டில்) சேர ஐந்து வருடம் ஆகும் என்பதால் தனியார் காப்பீடு விசாரித்து வைத்திருந்தோம், அந்தத் தாளைக் காட்டினார். டெபாசிட் கடிதத்தை அதிகாரி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாராம்.

பிறகு இருவருக்கும் 221(ஜி) சீட்டு, அதாவது கேட்ட ஆவணம் வரும்வரை விசாவை நிறுத்திவைக்கும் சீட்டு. கம்பெனிக் கடிதம் மே மாதத் தேதியில் இருக்கிறது, புதிய கடிதமும் சமீபத்திய சம்பளச் சீட்டுகளும் வேண்டும் என்று. ஜாயின்ட் ஸ்பான்சர் கேட்கவில்லை. அடுத்த நாளே அனுப்பிவிட்டேன்.

---

பழையரயில் | 20 நவம்பர் 2025, காலை 6.10

புதிய கடிதத்தில் பதவி என்ன போட்டிருக்கிறது?

---

தஞ்சைவாசி | 20 நவம்பர் 2025, காலை 6.40

“டிஸ்பாட்ச் அசோசியேட்” சார். அப்பாவிடம் சொல்லவில்லை.

---

தஞ்சைவாசி | 9 டிசம்பர் 2025, காலை 5.55

இரண்டு பாஸ்போர்ட்டும் வந்துவிட்டன. பொங்கல் முடிந்து கிளம்புகிறார்கள். பெரியப்பா இன்னும் பட்டாவில் கையெழுத்துப் போடவில்லை.

---

சந்தேகராமன் | 9 டிசம்பர் 2025, காலை 9.30

வாழ்த்துகள்! என் தம்பிக்காகப் போட்ட மனு வரிசையில் இருக்கிறது. அவன், மனைவி, இரண்டு பிள்ளைகள். இப்போதே சொத்துக் கணக்கு எடுக்க ஆரம்பிக்கலாமா?

---

கிச்சன்கணக்கு | 9 டிசம்பர் 2025, காலை 10.05

உடன்பிறந்தார் வரிசையில் இந்தியாவுக்கு இன்னும் 2006-இல் போட்டவர்களையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நகையை லாக்கரிலேயே விடுங்கள். மற்றதற்குத் தனி இழை தொடங்குங்கள்.